பழைய பட்டாளத்து ரைபிள்ல அப்டி என்னதான் இருக்கு?

"ராணுவம் இனி வேண்டாம்னு வித்த பழைய மிலிட்டரி சர்ப்ளஸ் ரைபிள் வெச்சிருந்தவங்க, சுட்டவங்க யாராச்சும் சொல்லுங்களேன், கடையில புதுசா அவ்ளோ துல்லியமான ரைபிள் கிடைக்கும்போது 70, 80 வருஷத்து இரும்பையும் கட்டையையும் வாங்கி துடைச்சு துடைச்சு வெச்சுக்கறதுல அப்டி என்னதான் இருக்கு"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். நான் ஒஹாயோவுல இருக்கேன், வந்து 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு காலத்துல எங்க வீட்டு பேஸ்மென்ட் சேஃப்ல 9 ரைபிள் இருந்துச்சு, இப்போ 4 தான் இருக்கு. கொஞ்சம் விரிவாவே சொல்றேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இது நம்ம ஊர்ல நடக்கற காரியம் இல்ல. இந்தியாவுல 303 மாதிரி ராணுவ கேலிபர், அதாவது குழல் அளவு, எல்லாம் தடை செஞ்ச வகை (prohibited bore), சாதாரண ஆளுக்கு லைசென்ஸ் கிடைக்காது, அதனாலதான் நம்ம ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி அந்த 303 ரைபிளோட, அதாவது பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டோட மெக்கானிசத்துல 315-னு வேற கேலிபர் போட்டு பொதுமக்களுக்குன்னு ஒரு ரைபிள் பண்ணி வித்துச்சு. அமெரிக்காவுல கதை வேற. ஆனா இங்கயும் எச்1பி, விசிட்டர் விசாவுல இருக்கறவங்க பொதுவா துப்பாக்கி கையில வெச்சுக்கவே கூடாது, ஹன்ட்டிங் லைசென்ஸ் இருந்தா மாதிரி சில விதிவிலக்குதான். அதனால கிரீன் கார்டு வர்ற வரைக்கும் நான் இந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்கல. கார்டு வந்தது 2007-ல, முதல் ரைபிள் வாங்கினது 2008-ல.

ஆனா ஆசை அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்தது. திருநெல்வேலியில காலேஜ் படிக்கும்போது என்சிசில இருந்தேன். ட்ரில்லுக்கு எங்களுக்கு குடுத்தது த்ரீ நாட் த்ரீ, அதுவும் டிபி, அதாவது ட்ரில் பர்ப்பஸ், சுட முடியாதபடி பண்ணி வெள்ளை பட்டை அடிச்சிருப்பாங்க. 4 கிலோ. காலையில 6 மணிக்கு ஆரம்பிச்சு ஹவில்தார் "பாஜு சஸ்த்ர"ன்னு கத்த கத்த தோள்ல தூக்கி எறக்கி தூக்கி எறக்கி, ஒன்பது மணிக்கு கிளாஸ்ல பேனா பிடிச்சா கை ஆடும். கேம்ப்ல சுட குடுத்தது பாயின்ட் டூ டூ, 25 யார்டு, அஞ்சு ரவுண்டு, அவ்ளோதான். மூணு வருஷம் அந்த 303-ஐ தூக்கி சுமந்திருக்கேன், அதோட போல்ட்டை, அதாவது குண்டை உள்ள தள்ளிப் பூட்டற இரும்பை, ஆயிரம் தடவை இழுத்திருக்கேன், பட்டுல, அதாவது தோள்ல வெக்கற பின்கட்டையில இருந்த பித்தளை மூடியைத் திறந்து உள்ள எண்ணெய் பாட்டில் இருக்கான்னு பாத்திருக்கேன், ஆனா அது வெடிச்சா எப்டி இருக்கும்னு தெரியாமலே காலேஜ் முடிஞ்சுது. அது மனசுல ஒரு மூலையில அப்டியே கெடந்துச்சு.

சரி, 2008. நான் வாங்கின முதல் ரைபிள் ரஷ்யாவோட மோசின்-நாகன்ட் 91/30. 1891-ல ஜார் காலத்துல டிசைன் பண்ணது, 1930-ல கொஞ்சம் மாத்தினது, ஸ்டாலின்கிராட்ல எல்லாம் நின்னது இதுதான். சோவியத் யூனியன் கலைஞ்ச பிறகு கிடங்கு கிடங்கா தூங்கிட்டு இருந்த ரைபிள்களை இங்க இறக்குமதி பண்ணாங்க, மரப்பெட்டிக்கு 20 ரைபிள். நான் வாங்கும்போது 90 டாலர். 90 டாலருக்கு ஒரு ரைபிள், கூடவே கத்தி மாதிரி இல்லாம கடப்பாரை மாதிரி நாலு பட்டையா ஒரு பயனெட், ஒரு ஸ்லிங், தோல் பை, ரெண்டு அறை வெச்ச குட்டி எண்ணெய் டப்பா, எல்லாம் சேத்து. இப்போ கேட்டா யாரும் நம்ப மாட்டாங்க.

வீட்டுக்கு கொண்டு வந்து பிரிச்சா, உள்ள ரைபிளே தெரியல. காஸ்மோலைன்னு ஒரு மசகு, துரு பிடிக்காம இருக்க ரைபிள் முழுக்க அப்பி விட்டுருப்பாங்க, நம்ம ஊர்ல மாட்டு வண்டி அச்சுக்குப் போடுவாங்களே வண்டி மை, கிட்டத்தட்ட அந்தப் பதம், ஆனா அம்பது வருஷம் காஞ்சு போய் தேன் மெழுகு கணக்கா இறுகி இருக்கும். கட்டைக்குள்ள எல்லாம் ஊறிப் போயிருக்கும். ஜூலை மாசம் கட்டையை தனியா கழட்டி கறுப்பு குப்பைப் பையில சுத்தி கார் உள்ள கண்ணாடிகிட்ட வெயில்ல வெச்சேன், மத்தியானம் போய் பாத்தா பழுப்பா வியர்த்து வழிஞ்சிருக்கு, துடைச்சு திரும்ப வெச்சு, துடைச்சு திரும்ப வெச்சு மூணு நாள். இரும்புப் பகுதியை கொதிக்கற தண்ணியிலயும் மினரல் ஸ்பிரிட்லயும் கழுவினேன். அந்த வாசனை இருக்கே, மண்ணெண்ணெயும் பழைய பீரோவும் கலந்த மாதிரி ஒண்ணு, இப்பவும் எங்கயாவது லேசா வந்தா எனக்கு அந்த ஜூலை மாசம் ஞாபகம் வந்துடும்.

துடைக்க துடைக்கத்தான் அந்த ரைபிள் பேச ஆரம்பிச்சுது. சேம்பர், அதாவது குண்டு உக்கார்ற எடம், அதுக்கு மேல முக்கோணத்துக்குள்ள அம்பு, அது இஷெவ்ஸ்க் ஃபேக்டரி, துலாவுல பண்ணதுன்னா நட்சத்திரத்துக்குள்ள அம்பு இருக்கும். வருஷம் 1942. அந்த வருஷத்து இஷெவ்ஸ்க் ரைபிளை பாத்தீங்கன்னா ரிசீவர்ல, அதாவது போல்ட் ஓடற இரும்புக் கூட்டுல, லேத் ஓட்டின தடம் அப்டியே ரெக்கார்டு தட்டு மாதிரி கோடு கோடா இருக்கும், பாலிஷ் போட நேரமே இல்ல, ஜெர்மன்காரன் வாசல்ல நிக்கறான், தேவையான இடத்துல மட்டும் அளவு சரியா வெச்சுட்டு மத்ததை அப்டியே அனுப்பியிருக்காங்க. ஃபோர்எண்ட், அதாவது குழலைத் தாங்கற முன்கட்டை, அது பக்கத்துல ஒரு எடத்துல கட்டை உடைஞ்சு அதுல வேற துண்டு மரத்தை வெட்டி பொருத்தி ஒட்டியிருந்தாங்க. போருக்கு அப்புறம் பட்டறையில யாரோ ஒருத்தர் பண்ண வேலை, விரலால தடவினா இணைப்பு தெரியாது, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தாதான் தெரியும். நான் அதை எத்தனை ராத்திரி சாய்ச்சு சாய்ச்சுப் பாத்திருக்கேன்னு கணக்கில்ல.

சுட்ட கதைக்கு வரேன். 440 ரவுண்டு, பச்சைக் கலர்ல சீல் பண்ண தகர டப்பா, இங்க எல்லாரும் ஸ்பாம் கேன்னுதான் சொல்வாங்க, பெரிய டின் ஓப்பனர் மாதிரி ஒண்ணு வெச்சு வெட்டித் திறக்கணும். உள்ள எண்ணெய் பேப்பர்ல கட்டு கட்டா. முதல் ரவுண்டு சுட்டப்போ தோள்ல விழுந்தது ஒரு குத்து, ஏன்னா பட் பிளேட் வெறும் இரும்பு, ரப்பர் கிப்பர் எதுவும் கிடையாது. 100 யார்டுல குறி வெச்சா குண்டு ஒரு சாண் மேல போய் விழுது. ரைபிள் கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன். பக்கத்து பெஞ்சுல இருந்த ஒரு பெரியவர்தான் சொன்னார், "இதை பயனெட் மாட்டித்தான் ஜீரோ, அதாவது குறி சரி பண்ணியிருப்பாங்க, மாட்டிட்டு சுட்டுப் பாருங்க"ன்னு. மாட்டினேன். உயரம், பக்கம் ரெண்டுமே எடம் மாறி குறிகிட்ட வர ஆரம்பிச்சுது. குழல் நுனியில கால் கிலோவுக்கு மேல இரும்பு தொங்கும்போது குழல் அதிர்ற விதமே மாறிடும், குண்டு வெளிய போற நேரத்துல நுனி எங்க பாக்குதோ அங்கதான் அது போகும். புஸ்தகத்துல நூறு தடவை படிச்சாலும் வராத புத்தி அந்த ஒரு மத்தியானத்துல வந்துச்சு.

ஒரு தப்பும் பண்ணேன், இதை வாங்கப் போறவங்க கவனமா படிங்க. அந்தக் காலத்து சர்ப்ளஸ் குண்டுல பெரும்பாலும் ப்ரைமர், அதாவது தீ மூட்டற மருந்து, கொரோசிவ், இரும்பை அரிக்கறது. அதுல பொட்டாசியம் குளோரேட் இருக்கும், வெடிச்சதும் அது பொட்டாசியம் குளோரைடா மாறி குழலுக்குள்ள படியும், அது கிட்டத்தட்ட நம்ம சாப்பாட்டு உப்பு மாதிரிதான், காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். வித்த கடைக்காரர் இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, நானும் கேக்கல. சுட்டுட்டு வந்து சும்மா எண்ணெய்த் துணி ஓட்டி வெச்சுட்டேன். உப்பு எண்ணெயில கரையாது. அஞ்சு நாள் கழிச்சுப் பாத்தா குழலுக்குள்ள செம்மண் கலர்ல பூத்திருக்கு. வயித்தைக் கலக்கிடுச்சு. ஸ்டாலின்கிராட் காலத்துலேருந்து 66 வருஷம் தாங்கினது எங்கிட்ட அஞ்சு நாள் தாங்கலன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. அதுக்கு மருந்து ரொம்ப சுலபம், வெந்நி. கொதிக்க வெச்ச தண்ணியை சேம்பர் பக்கத்துலேருந்து புனல் வெச்சு ஊத்தணும், உப்பு கரைஞ்சு போயிடும், சூட்டுல குழல் தானா காஞ்சுடும், அப்புறம் எண்ணெய். போல்ட் முகப்பையும் அதே மாதிரி கழுவணும். பிரிட்டிஷ் பட்டாளத்துல இதுக்குன்னே தனியா ஒரு புனல் குடுத்திருந்தாங்க. அதுக்கப்புறம் ரேஞ்சுக்குப் போகும்போதே ஃபிளாஸ்க்ல வெந்நி கொண்டு போயிடுவேன்.

மோசின் வாங்கினதோட நிக்கல. அடுத்த வருஷம் சி அண்ட் ஆர் லைசென்ஸ் எடுத்தேன், க்யூரியோஸ் அண்ட் ரெலிக்ஸ்னு பேரு, 50 வருஷத்துக்கு மேல பழசான துப்பாக்கிகளை சேகரிக்கறவங்களுக்கு ஏடிஎஃப்ங்கற மத்திய அரசுத் துறை குடுக்கறது, மூணு வருஷத்துக்கு 30 டாலர். அது இருந்தா கடைக்குப் போகாம நேரா வீட்டுக்கே ரைபிள் பார்சல்ல வரும், ஆனா வந்தது போனது எல்லாம் ஒரு நோட்டுல தேதியோட எழுதி வெக்கணும். ஒரு காலத்துல இந்த லைசென்ஸ் எல்லாமே தேவையில்ல, 1950, 60-கள்ல பத்திரிகையில விளம்பரம் பாத்து கூப்பனை வெட்டி காசோலையோட அனுப்பினா ரைபிள் தபால்ல வந்துடும், ஹார்டுவேர் கடையில பீப்பாய்க்குள்ள மம்பட்டிக் காம்பு மாதிரி சொருகி வெச்சு வித்த காலம்னு இங்க வயசானவங்க சொல்வாங்க. 1963-ல கென்னடியை சுட்ட அந்த இத்தாலிய கார்கானோ ரைபிளும் சிகாகோ கடை ஒண்ணுலேருந்து ஸ்கோப்போட 19 டாலர் 95 சென்ட்டுக்கு தபால்ல வாங்கின சர்ப்ளஸ்தான். அந்தக் கொலையும் அதுக்கப்புறம் நடந்த கொலைகளும் சேந்துதான் 1968-ல சட்டம் வந்து தபால் விற்பனையும் நின்னு சர்ப்ளஸ் இறக்குமதியும் நின்னுச்சு, 80-கள்ல தான் பழம்பொருள்ங்கற கணக்குல திரும்ப விட்டாங்க. இதை நான் மறைச்சுப் பேச விரும்பல, இந்தப் பொருளை நேசிக்கறவன் அதோட முழுக் கதையையும் தெரிஞ்சு வெச்சிருக்கணும்.

அடுத்து எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு, ஸ்விட்சர்லாந்தோட கே31. ரஷ்யாவோடதுக்கு நேர் எதிர், வாட்ச் பண்றவன் ரைபிள் பண்ணா எப்டி இருக்கும், அப்டி. போல்ட்டை தூக்கித் திருப்ப வேண்டாம், நேரா பின்னால இழுத்து நேரா முன்னால தள்ளினா போதும், உள்ள அதுவே சுத்தி லாக் ஆயிடும், மேகசின்ல 6 ரவுண்டு. ட்ரிகர் அவ்ளோ சுத்தம், அவங்க ஜிபி11 குண்டும் கொரோசிவ் இல்ல, 100 யார்டுல வெறும் இரும்பு சைட்லயே அஞ்சு குண்டையும் ஒரு ரெண்டு ரூபா காசு அளவுல போட்டிருக்கேன். ஆனா நான் சொல்ல வந்தது அதில்ல. அங்க பட்டாளத்துல இருக்கறவன் ரைபிளை வீட்டுலயே வெச்சிருப்பான், அதனால பட் பிளேட்டுக்கு அடியில தன்னோட பேர், படைப்பிரிவு எல்லாம் எழுதி ஒரு சின்ன சீட்டு வெக்கற வழக்கம் இருந்துச்சு. எல்லா ரைபிள்லயும் இருக்காது. என்னுது வந்த அன்னிக்கு ராத்திரி சாப்பாடு கூட சாப்பிடாம அந்த ரெண்டு ஸ்க்ரூவையும் கழட்டினேன். பட் பிளேட்டை லேசா தட்டி எடுத்தா, உள்ள மடிச்ச ஒரு சீட்டு, மஞ்சளா போயிருந்துச்சு. ஒரு பேரு, ஒரு ஃபியூசிலியர் பட்டாலியன் நம்பர், பொறந்த வருஷம், ஒரு ஊரு. டைப் அடிச்ச எழுத்து.

நான் ரொம்ப நேரம் அதைப் பாத்துட்டே இருந்தேன். அந்தக் கட்டையோட கீழ்ப் பக்கம் பூரா வெட்டு வெட்டா காயம் இருக்கும், ஸ்விஸ் ரைபிள் எல்லாத்துலயும் அப்டித்தான், பனியில பூட்ஸ்ல ஒட்டின பனிக்கட்டியை ரைபிள் பட்டால தட்டித் தட்டி விடுவாங்களாம், அதனாலன்னு சேகரிக்கறவங்க எல்லாரும் சொல்வாங்க. பல பேரு அந்தக் காயத்தை தேய்ச்சு வார்னிஷ் அடிச்சு பளபளன்னு ஆக்கிடுவாங்க. தயவு செஞ்சு பண்ணாதீங்க. அந்தக் காயம்தான் அந்த மனுஷன். சீட்டைத் திரும்ப மடிச்சு அதே எடத்துல வெச்சு ஸ்க்ரூவை இறுக்கிட்டேன், இப்பவும் அங்கதான் இருக்கு, நாளைக்கு எனக்கப்புறம் யாராவது திறந்து பாக்கட்டும்.

ஜெர்மன் மவுசர் ஒண்ணும் வெச்சிருந்தேன், கே98கே, ரஷ்யாக்காரன் போர்ல பிடிச்சு வெச்சிருந்து பின்னால வித்தது, ரிசீவர்ல எக்ஸ் மாதிரி ஒரு முத்திரை அடிச்சிருக்கும். எல்லாரும் கொண்டாடற ரைபிள், மெக்கானிசம் அருமைதான், இன்னிக்கு வர்ற பாதி வேட்டை ரைபிளுக்கு அப்பன் அதுதான். ஆனா அந்த முத்திரைகளோட எனக்கு ஏனோ ஒட்டல, வீடு வாங்கும்போது முதல்ல வித்தது அதைத்தான்.

எம்1 காரண்ட் கதை தனி. 1936-ல அமெரிக்க ராணுவம் எடுத்துக்கிட்டது, கனடாவுல பொறந்த ஜான் காரண்ட், மாசசூசெட்ஸ்ல ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஆர்மரியில வேலை பாத்தவர், அவர் பண்ணது. மத்த நாட்டு சிப்பாய் பெரும்பாலும் போல்ட் இழுத்துட்டு இருக்கும்போது இவங்க கையில எட்டு ரவுண்டு, ட்ரிகரை அமுக்கினா போதும். எட்டும் ஒரு இரும்பு கிளிப்ல இருக்கும், கிளிப்போட உள்ள தள்ளணும், கடைசி ரவுண்டு போனதும் காலி கிளிப் தானா மேல தெறிச்சு "ப்பிங்"னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கறவங்க இருக்காங்க. நான் 2012-ல சிட்டிசன் ஆனேன், அடுத்த வருஷமே சிஎம்பி-ல அப்ளிகேஷன் போட்டேன். சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் ப்ரோக்ராம்னு பேரு, ராணுவத்தோட பழைய காரண்டை பொதுமக்களுக்கு விக்கற அமைப்பு, 1903-லேருந்து வேற பேர்ல அரசாங்கமே நடத்திட்டு இருந்தது, 1996-ல தனி அமைப்பா மாத்தினாங்க. சிட்டிசனா இருக்கணும், அவங்களோட சேந்த ஒரு கிளப்ல மெம்பரா இருக்கணும், ஏற்கனவே சுட்டுப் பழகின சான்று வேணும். அப்போ ஒஹாயோவுல கேம்ப் பெரியிலயே அவங்க கடை இருந்துச்சு, எங்க வீட்டுலேருந்து ரெண்டு மணி நேரம். உள்ள போனா ரேக் ரேக்கா காரண்ட், நீங்களே ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்துப் பொறுக்கலாம், நம்ம ஊர்ல மாம்பழம் பொறுக்கற மாதிரி குனிஞ்சு குனிஞ்சு எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. இதுல நெறைய ரைபிள் கிரீஸ், டென்மார்க்னு நட்பு நாடுகளுக்கு கடனா போய் திரும்பி வந்தது.

கேம்ப் பெரி ஈரி ஏரிக்கரையில இருக்கு, 1907-லேருந்து நேஷனல் மேட்ச் நடக்கற எடம், ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன், இத்தாலி கைதிகளை வெச்சிருந்ததும் இங்கதான். ஒவ்வொரு கோடையும் ஜான் சி காரண்ட் மேட்ச்னு நடக்கும், 200 யார்டு, ஆயிரக்கணக்குல குண்டு பறக்கும் அன்னிக்கு. என்னோட முதல் மேட்ச்ல பக்கத்து பாயின்ட்ல கொரியப் போருக்குப் போயிட்டு வந்த ஒரு தாத்தா. நான் கிளிப்பை உள்ள தள்றதைப் பாத்துட்டு கையைப் பிடிச்சு நிறுத்தினார். காரண்ட்ல கிளிப்பை அழுத்தினதும் போல்ட் முன்னால பாயும், கட்டை விரல் உள்ள இருந்தா அவ்ளோதான், நகம் போயிடும். உள்ளங்கை ஓரத்தால ஆபரேட்டிங் ராடை பின்னால தாங்கிப் பிடிச்சுட்டு, கட்டை விரலால கிளிப்பை அமுக்கி, விரலை எடுத்துட்டு அப்புறம்தான் கையை விடணும்னு, மூணு தடவை மெதுவா பண்ணிக் காட்டினார். 80 தாண்டின கை, லேசா நடுக்கம் கூட இருந்துச்சு, ஆனா கிளிப்பைத் தொட்டதும் அந்த நடுக்கம் நின்னுடுச்சு. அதை நான் கண்ணால பாத்தேன்.

அங்க சுடறதோட முடியாது, முறை வெச்சு பிட்ஸ்லயும் வேலை செய்யணும். டார்கெட்டுக்கு அடியில மண்மேட்டுக்குப் பின்னால பள்ளத்துல நின்னு, ஒவ்வொரு குண்டுக்கும் டார்கெட்டை கீழ இழுத்து, ஓட்டை எங்கன்னு வட்டு சொருகி மேல தள்ளணும். தலைக்கு மேல நாலஞ்சு அடியில குண்டு போகும். ரைபிள் சத்தம் தூரத்துல மந்தமாதான் கேக்கும், ஆனா குண்டு ஒலியை விட வேகமா போறதால அது தலைக்கு மேல கடக்கும்போது சவுக்கை சொடுக்கற மாதிரி ஒரு சத்தம் முதல்ல வரும். துப்பாக்கி எதிர்ல நிக்கறதுன்னா என்னன்னு அந்தப் பள்ளத்துல நின்னப்போதான் புரிஞ்சுது. அந்த சீட்டுல பேர் எழுதின ஸ்விஸ்காரரும், 1942-ல அந்த மோசினை கையில வாங்கின சிப்பாயும், எல்லாரும் அன்னிக்கு ஞாபகத்துக்கு வந்தாங்க.

இப்போ நம்ம 303. பல வருஷமா கன் ஷோ, அதாவது துப்பாக்கி சந்தைக்கெல்லாம் போய் தேடினேன். இங்கிலாந்துல பண்ணது, கனடாவுல லாங் பிராஞ்ச்ல பண்ணது, அமெரிக்காவுல சாவேஜ் கம்பெனி பண்ணது எல்லாம் கிடைக்கும், எனக்கு அது வேண்டாம், எனக்கு ஈஷாப்பூர் வேணும். கொல்கத்தாவுக்குப் பக்கத்துல ஹூக்ளி ஆத்தோரம் இருக்கற ரைபிள் ஃபேக்டரி. 1962 சீனப் போருக்கு அப்புறம் அதே ஃபேக்டரி லீ-என்ஃபீல்டை 7.62 நேட்டோ குண்டுக்கு மாத்தி 2ஏ, 2ஏ1-னு பண்ணாங்க, அது இங்க நெறையவே வந்துச்சு, நல்ல ரைபிள்தான், ஆனா அது நான் தூக்கினது இல்ல. கடைசியா 2014-ல ஒரு ஊர்க்கோடி கன் ஷோவுல மேசைக்கடியில சாஞ்சு கெடந்துச்சு. எடுத்துத் திருப்பினா பட்டுக்கு முன்னால இரும்பு வளையத்துல அடிச்சிருக்கு, ஒரு கிரீடம், அதுக்குக் கீழ ஜி ஆர் ஐ, வருஷம் 1943, அதுக்குக் கீழ மார்க் 3 ஸ்டார். ஜார்ஜ் ரெக்ஸ் இம்பரேட்டர், அதாவது ராஜா, இந்தியாவுக்குச் சக்கரவர்த்தி. நாலே வருஷத்துல அந்த ஐ-க்கு அர்த்தம் இல்லாம போகப் போகுதுன்னு அடிச்சவனுக்குத் தெரியாது. ஃபோர்எண்ட்ல குறுக்க ஒரு ஸ்க்ரூ, நம்ம ஊர் வெயில்லயும் மழையிலயும் கட்டை பிளக்காம இருக்க ஈஷாப்பூர்ல சேத்தது, வேற நாட்டு 303-ல பொதுவா அது இருக்காது. வித்தவர் அதை ஏதோ ரிப்பேர்னு நெனச்சு 180 டாலருக்கு குடுத்தார்.

303 சுடறதுல ஒரு தனி சுகம் இருக்கு, அதை எழுத்துல சொல்றது கஷ்டம். போல்ட் லிவரை லேசா தூக்கினா போதும், கன்னத்தை கட்டையிலேருந்து எடுக்காமலே இழுத்துத் தள்ளலாம், மவுசர்ல லிவரைத் தூக்கும்போது காக் ஆகும், அதாவது சுடற ஸ்ப்ரிங் இறுகும், இதுல தள்ளும்போது காக் ஆகும், அதனால கை ஓடற வேகமே வேற. 10 ரவுண்டு மேகசின். குண்டுக்கு விளிம்பு உண்டு, அதனால மேல இருக்கற குண்டோட விளிம்பு கீழ இருக்கறதோட விளிம்புக்கு முன்னால இருக்கற மாதிரி அடுக்கணும், மாறினா சிக்கிக்கும். ஒரு தடவை பழைய மார்க் 7 ரவுண்டு ஒண்ணைப் பிரிச்சுப் பாத்தேன், உள்ள பவுடரே இல்ல, கார்டைட், சேமியாவை நீளமா கட்டி வெச்ச மாதிரி. முதல் தடவை அதை சுட்டப்போ எனக்கு ஹவில்தார் குரல்தான் காதுல கேட்டுச்சு. தோள்ல அதே எடத்துல, 20 வருஷம் முன்னாடி ட்ரில்ல காய்ச்சுப் போன அதே எடத்துல அந்த உதை விழுந்துச்சு.

2016-ல என் மாமனார் வந்திருந்தார். பாளையங்கோட்டைக்காரர், போலீஸ் ஆயுதப்படையில இருந்து ரிட்டையர் ஆனவர், ஒரு ஆயுசு பூரா தேர்தல் பந்தோபஸ்து, தேர்த்திருவிழா, கலவரம்னு 303-ஐ தோள்ல போட்டுட்டு நின்னவர். பேஸ்மென்ட்டுக்கு கூட்டிட்டுப் போய் சேஃபைத் திறந்தேன். கே31, காரண்ட் எதையும் அவர் பாக்கல. நேரா கையை நீட்டி, "என்ன மாப்ள, இது நம்ம த்ரீ நாட் த்ரீல்லா"ன்னார்.

விசிட்டர் விசாங்கறதால முதல்ல சட்டப்படி நான்-ரெசிடென்ட் ஹன்ட்டிங் லைசென்ஸ் எடுத்தோம், அதுக்கப்புறம்தான் அவர் கையில குடுத்தேன். வாங்கினதும் அவர் பண்ண முதல் வேலை போல்ட்டைத் திறந்து சேம்பர்ல விரலை விட்டுப் பாத்தார். ரெண்டாவது, பட்டைத் திருப்பி அதுல குத்தியிருந்த நம்பரைப் படிச்சார். "என்னுது 61 மாப்ள. பெல் ஆஃப் ஆர்ம்ஸ்ல, அதான் ஆயுத அறையில, போய் நம்பரைச் சொன்னா எடுத்துக் குடுப்பாங்க. பேரை மறந்தாலும் பட் நம்பரை மறக்கக் கூடாதுன்னு எங்க ஏட்டையா சொல்லுவாரு." பட்டோட பித்தளை மூடியை கட்டை விரலாலயே தள்ளித் திறந்து உள்ள இருந்து குழல் துடைக்கற புல்-த்ரூ கயித்தை எடுத்து, துணியை அதுல எந்த அளவுல மடிச்சு சொருகணும்னு எனக்குக் காட்டினார். நான் அஞ்சாறு வருஷமா இன்டர்நெட்ல பாத்துக் கத்துக்கிட்டதை விட அது சுத்தமா இருந்துச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை ரேஞ்சுக்குப் போனோம். 74 வயசு, தரையில படுத்து சுடுறேன்னு நின்னார், நான் பாய் விரிச்சுக் குடுத்தேன். அஞ்சு ரவுண்டு. அவசரமே இல்ல, ஒவ்வொண்ணுக்கும் மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி. சுட்டு முடிச்சதும் நான் டார்கெட்டைப் பாக்க பைனாகுலரை எடுத்தேன், திரும்பிப் பாத்தா மனுஷன் முட்டி போட்டு புல்லுக்குள்ள தடவித் தடவி காலி கேஸ், அதாவது சுட்ட ரவுண்டோட பித்தளைக் கூடு, பொறுக்கிட்டு இருக்கார். "விடுங்க மாமா, நான் எடுத்துக்கறேன்"னேன். கேக்கல. நம்ம ஊர்ல ஒரு கேஸ் குறைஞ்சாலும் மேமோ. அஞ்சையும் உள்ளங்கையில வெச்சு எண்ணி எங்கிட்ட நீட்டினார், "அஞ்சு ரவுண்டு, அஞ்சு எம்ட்டி, சரியா இருக்கா பாத்துக்கோங்க."

நான் 303 காலி கேஸை எல்லாம் சேத்து வெச்சு ரீலோட், அதாவது புதுசா மருந்தும் குண்டும் போட்டுத்தான் திரும்ப சுடுவேன், இங்க அந்த குண்டு அவ்ளோ விலை. அந்த அஞ்சை மட்டும் இன்னும் ரீலோட் பண்ணல.